பைபிளுக்கு வெளியே நின்ற ஆதி கிறிஸ்தவ நூல்கள்: எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

பைபிளில் சேராத பழைய கிறிஸ்தவ நூல்களைப் படித்துப் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களில் பலர் முதலில் தேடிப்போவது யூதாஸ் நற்செய்தியை. 2006இல் நேஷனல் ஜியோகிராஃபிக் அதை வெளியிட்டபோது எழுந்த பரபரப்பு அப்படி. ஆசையாகத் திறந்தால் சில பக்கங்களுக்குள் பார்பேலோ, சக்லாஸ் என்று கேள்வியேபடாத பெயர்கள், அடுக்கடுக்கான வானுலகங்கள், நடுநடுவே பப்பைரஸ் ஏடு உதிர்ந்துபோன ஓட்டைகள். இது நமக்குச் சரிப்படாது என்று மூடிவைத்துவிடுகிறார்கள். வரிசை மாறிப்போனதால் வரும் வினை இது.

நான் சொல்லும் வரிசை கீழே. இறையியல் படித்திருக்க வேண்டாம், கிறிஸ்தவராக இருக்கவும் வேண்டாம். நான்கு நற்செய்திகளையும் ஒருமுறை வாசித்திருந்தால் போதும். இன்னும் வாசிக்கவில்லை என்றால் அதை முடித்துவிட்டு வாருங்கள். அது தெரியாமல் உள்ளே போனால் எது புதுச் சரக்கு, எது பழையதை மாற்றிச் சொன்னது என்றே பிடிபடாது.

முதல் படி: எதைப் படிக்கப் போகிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்றவற்றை முதலில் ஒதுக்கிவையுங்கள். கத்தோலிக்க பைபிளில் இருந்து புராட்டஸ்டண்ட் பைபிளில் இல்லாத அந்த நூல்கள் யூதர்கள் எழுதியவை, பழைய ஏற்பாட்டைச் சேர்ந்தவை. அது வேறு விவகாரம்.

நமக்கு வேண்டியவை மூன்று வகை. அப்போஸ்தலர்களுக்கு அடுத்த தலைமுறையினர் எழுதிய கடிதங்களும் கையேடுகளும் ஒன்று. யாரும் ஒளித்துவைக்காதவை, திருச்சபை மதித்துப் படித்தவை. இரண்டாவது, அப்போஸ்தலர்கள் பெயரில் உலவிய நற்செய்திகளும் ‘பணிகள்’ எனப்படும் சாகசக் கதைகளும். மூன்றாவது, ரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்று நம்பிய குழுக்களின் நூல்கள். யூதாஸ் நற்செய்தி இந்த மூன்றாவது வகை. அது கடைசியில்.

இரண்டாம் படி: பட்டியல் எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் பாருங்கள்

325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் ஓட்டுப் போட்டு நான்கு நற்செய்திகளை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொளுத்திவிட்டார்கள் என்று ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. நிசேயா சங்கம் வகுத்த 20 விதிகள் இன்றும் கிடைக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வட்டிக்கு விடும் குருக்களைப் பற்றி ஒரு விதி உண்டு, ஞாயிற்றுக்கிழமையில் முழங்காலிடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. எந்த நூல் உள்ளே, எது வெளியே என்று ஒரு விதியும் கிடையாது.

நடந்தது மெதுவாக, ஊர் ஊராக நடந்தது. 180 வாக்கிலேயே லியோன் நகர ஆயர் இரனேயு நற்செய்தி நான்குதான் என்று அடித்துச் சொல்கிறார். இன்று நம் கையிலிருக்கும் 27 நூல்களை அப்படியே பட்டியலிட்ட முதல் ஆவணமாக நமக்குக் கிடைத்திருப்பது அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய பாஸ்கா (ஈஸ்டர்) கடிதம். இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள்.

இடைப்பட்ட காலம் எப்படி இருந்தது என்பதற்கு அந்தியோக்கியா ஆயர் செராப்பியோனின் கதை நல்ல சாட்சி. 200ஐ ஒட்டிய காலம். ரோசஸ் என்ற கடலோர ஊருக்குப் போகிறார். அங்கே பேதுரு நற்செய்தி என்ற ஒன்றைப் படிக்கலாமா கூடாதா என்று சபைக்குள் மனக்கசப்பு. அவர் நூலைப் படிக்காமலே, இதுதான் பிரச்சினை என்றால் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். அப்புறம்தான் அதைக் கொண்டாடுகிறவர்களின் கொள்கை வேறு என்று தெரியவருகிறது. பிரதி ஒன்றை இரவல் வாங்கிப் படிக்கிறார். பெரும்பகுதி சரியாகத்தான் இருக்கிறது, சில இடங்களில் இட்டுக்கட்டல் இருக்கிறது என்று பட்டியல் போட்டு எழுதி அனுப்புகிறார். இதைப் பதிவு செய்தவர் நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியு. சதியும் இல்லை, தீவைப்பும் இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் கோப்பைத் தேடும் ஓர் அதிகாரியைப் பார்ப்பது போலத்தான் எனக்கு இருக்கிறது.

வெளியே நின்றதெல்லாம் கெட்டது என்றும் அவர்கள் நினைக்கவில்லை. ‘ஹெர்மாஸின் மேய்ப்பர்’ என்ற நூலைப் பற்றி முராத்தோரியின் பட்டியல் எனப்படும் பழைய துண்டு ஒன்று சொல்கிறது: இது நம் காலத்தில் ரோமாபுரியில் எழுதப்பட்டது, தனியே படிக்கலாம், ஆனால் அப்போஸ்தலர் நூல்களோடு சேர்த்துச் சபையில் வாசிக்கக் கூடாது. சீனாய் மலை மடத்தில் கிடைத்த நான்காம் நூற்றாண்டு பைபிள் கையெழுத்துப் படியிலோ அதே மேய்ப்பரும் பர்னபா கடிதமும் வெளிப்படுத்தின விசேஷத்துக்குப் பின்னால் எழுதிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்தப் படி முழுக்க இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது. கிரேக்கம் தெரியாவிட்டாலும் ஒருமுறை பார்த்துவையுங்கள்.

மூன்றாம் படி: திதாக்கேயில் தொடங்குங்கள்

பதினாறு குட்டி அத்தியாயங்கள் கொண்ட சபைக் கையேடு இது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. பெயர் மட்டும் தெரிந்து, நூல் கிடைக்காமல் பல நூற்றாண்டுகள் போயின. 1873இல் கான்ஸ்டான்டிநோபிளின் மடாலய நூலகம் ஒன்றில் பிலோத்தேயோஸ் பிரியெனியோஸ் என்பவர் 1056ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படி ஒன்றுக்குள் இதைக் கண்டெடுத்து, பத்து ஆண்டு கழித்து அச்சிட்டார்.

இதில் தத்துவம் குறைவு. சபையை நடத்துவது எப்படி என்ற நடைமுறைதான் அதிகம். ஞானஸ்நானம் ஓடும் தண்ணீரில் கொடுங்கள். ஓடும் தண்ணீர் இல்லையென்றால் வேறு தண்ணீரில். குளிர்ந்த நீர் ஆகாதென்றால் வெந்நீரில். இரண்டும் போதுமான அளவு இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள், போதும். முழுக்கா தெளிப்பா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் ஏழாம் அத்தியாயத்தை ஒருமுறை பார்க்கலாம். உபவாசம் திங்கள், வியாழன் வேண்டாம், புதன், வெள்ளி இருங்கள் என்கிறது அடுத்த அத்தியாயம். பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று வேளை சொல்லச் சொல்கிறது.

எனக்குப் பிடித்தது 11, 12ஆம் அத்தியாயங்கள். ஊர் ஊராகச் சுற்றும் ஊழியர்கள் வந்து தங்கும் காலம் அது. யார் அசல், யார் போலி? நூல் சொல்லும் சோதனை இது: வருகிறவர் ஒரு நாள் தங்கட்டும், தேவையென்றால் மறுநாளும் இருக்கட்டும். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர் போய்ச் சேரும்வரை தேவையான ரொட்டிக்கு மேல் எதுவும் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் நிறைந்து ‘விருந்து வையுங்கள்’ என்று சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து அதைச் சாப்பிட்டாலும் கள்ளத் தீர்க்கதரிசி. சாதாரண வழிப்போக்கர் தங்க விரும்பினால் கைத்தொழில் செய்து பிழைக்கட்டும், அதற்கும் சம்மதிக்காதவர் கிறிஸ்துவின் பேரைச் சொல்லிப் பிழைப்பு நடத்துகிறவர். இந்த விதிகளை இன்று அப்படியே கொண்டுவந்தால் எத்தனை தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் மிஞ்சும் என்ற கணக்கை உங்களிடமே விடுகிறேன்.

படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை இந்த நூலுக்கு ஒதுக்கி நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: எப்போது எழுதப்பட்டது, எந்த மொழியில், கையெழுத்துப் படி எங்கே கிடைத்தது, பழைய எழுத்தாளர்களில் யார் இதைக் குறிப்பிடுகிறார். திதாக்கேக்குக் கடைசிக் கேள்வியின் விடை யூசேபியு, அத்தனாசியு இருவருமே. பட்டியலில் இல்லாவிட்டாலும் புதிதாகச் சேருகிறவர்கள் படிக்கத் தகுந்தது என்று அந்த 367ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே அத்தனாசியு இதையும் மேய்ப்பரையும் சேர்த்திருக்கிறார். இனி எடுக்கும் ஒவ்வொரு நூலுக்கும் இப்படி ஒரு பக்கம் எழுதுங்கள். பிற்பாடு இது கைகொடுக்கும்.

நான்காம் படி: யாக்கோபின் முதல் நற்செய்தி

கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது ஆச்சரியம் தரும். மரியாவின் பெற்றோர் சுவக்கின், அன்னா என்பது எங்கே எழுதியிருக்கிறது என்று பைபிளில் தேடினால் கிடைக்காது. இங்கேதான் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இந்த நூல் இயேசுவின் பிறப்பைவிட மரியாவின் பிறப்புக்குத்தான் அதிக இடம் தருகிறது. வேளாங்கண்ணியில் கொடியேற்றத்தோடு தொடங்கி செப்டம்பர் 8இல் முடியும் பெருவிழா மரியாவின் பிறந்தநாள் விழா. அந்தப் பிறப்பின் கதைக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து இதுவே.

பிள்ளையில்லாத அன்னா தோட்டத்தில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிறாள். மரத்தில் குருவிக்கூடு. பறவைக்குக் குஞ்சு இருக்கிறது, விலங்குக்குக் குட்டி இருக்கிறது, இந்தத் தண்ணீரும் பெருகுகிறது, மண்ணும் விளைகிறது, நான் எதற்கு ஒப்பானேன் என்று அழுகிறாள். தமிழ்நாட்டில் எந்தக் கோயில் வாசலிலும் கேட்கக்கூடிய அழுகை. பிறகு பிறக்கும் மரியாவை மூன்று வயதில் எருசலேம் கோவிலில் விடுகிறார்கள். பன்னிரண்டு வயதானதும் மனைவியை இழந்தவர்களின் கோல்களைச் சேகரிக்கிறார் தலைமைக் குரு. யோசேப்பின் கோலிலிருந்து ஒரு புறா வெளிப்பட்டு அவர் தலையில் உட்காருகிறது. படங்களில் சூசையப்பர் கையில் பூத்த கோல் இருப்பது இந்தக் கதையைப் பிற்காலத்தார் மாற்றிச் சொன்னதிலிருந்து வந்தது. யோசேப்பு ஏற்கெனவே பிள்ளைகள் உள்ள வயதானவர் என்பதும் இந்த நூல் சொல்வதுதான்.

18ஆம் அத்தியாயத்தை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். குகையில் மரியாவை விட்டுவிட்டு மருத்துவச்சியைத் தேடிப்போகும் யோசேப்பு திடீரென்று தன்னிலையில் பேசத் தொடங்குகிறார். நடந்தேன், நடக்கவில்லை என்கிறார். வானத்தில் பறவைகள் அப்படியே நிற்கின்றன. கீழே வேலையாட்கள் சாப்பாட்டுச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டிக்குள் போன கை எடுக்கப்படவில்லை, வாய்க்குப் போன கை வாயைத் தொடவில்லை. ஆடுகளை அடிக்க ஓங்கிய மேய்ப்பனின் கை ஓங்கியபடி நிற்கிறது. ஆற்றில் குட்டிகளின் வாய் தண்ணீருக்கு மேல் இருக்கிறது, குடிக்கவில்லை. அடுத்த நொடி எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கிவிடுகிறது. சுமார் 1,850 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஆள், பெயர் தெரியாத யாரோ, இந்த இடத்தில் பெரிய எழுத்தாளர்.

இதன் தொடர்ச்சியாக, பிந்திய காலத்து லத்தீன் நூலான போலி மத்தேயுவில் பிறப்புப் பகுதியை மட்டும் பார்க்கலாம். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் மாடும் கழுதையும் லூக்காவில் இல்லை. அவை குழந்தையை வணங்குவதாகச் சொல்வது இந்த நூல்தான்.

ஐந்தாம் படி: தோமாவின் பணிகள்

சென்னைக்காரர்கள் இதை முதலில் எடுக்க ஆசைப்படுவார்கள். பொறுத்து எடுங்கள், நீளமானது, சில நாள் பிடிக்கும். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிரியாக் மொழி பேசிய எதெஸ்ஸா பகுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எதெஸ்ஸா இன்று துருக்கியில் இருக்கிறது.

தொடக்கம் அருமை. எருசலேமில் அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டு நாடுகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. போக மாட்டேன் என்கிறார். நான் எபிரேயன், இந்தியரிடம் போய் எப்படிப் பேசுவேன் என்கிறார். இரவில் இயேசு தோன்றிச் சொல்லியும் மசியவில்லை. அந்த நேரம் பார்த்து, தச்சன் ஒருவனை வாங்கிவரச் சொல்லி குண்டபோரு என்ற இந்திய மன்னன் அனுப்பிய ஹப்பான் என்ற வணிகன் அங்கே வருகிறான். நண்பகல் சந்தையில் இயேசு அவனை அணுகி, என்னிடம் ஓர் அடிமைத் தச்சன் இருக்கிறான் என்று தோமாவைக் காட்டி விலை பேசி, தச்சன் யோசேப்பின் மகன் இயேசுவாகிய நான் என் அடிமையை விற்றேன் என்று பத்திரமும் எழுதிக் கொடுக்கிறார். வணிகன் தோமாவிடம் வந்து, இவர் உன் எஜமானா என்று கேட்கிறான். ஆமாம் என்கிறார். உன்னை இவரிடமிருந்து வாங்கிவிட்டேன் என்கிறான். தோமா பேசவில்லை. மறுநாள் காலை கிளம்பிவிடுகிறார்.

மன்னன் அரண்மனை கட்டப் பணம் கொடுக்கிறான், தோமா அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். எங்கே என் அரண்மனை என்று கேட்டால், செத்த பிறகு பார்ப்பாய் என்கிறார். மன்னனின் தம்பி காத் இறந்து மேலே போய், அங்கே அந்த அரண்மனையைப் பார்த்து, அதை அண்ணனிடமிருந்து விலைக்கு வாங்க வேண்டுமென்று உயிரோடு திரும்பிவருகிறான். மீதியை நீங்களே படியுங்கள். பேசும் காட்டுக்கழுதைகள் உண்டு, முத்தைத் தேடி எகிப்துக்குப் போகும் இளவரசனைப் பற்றிய மிக அழகான பாட்டு ஒன்றும் உண்டு.

இதை வரலாறாகப் படிக்கலாமா? குண்டபோரு கற்பனை இல்லை. கொந்தோபரேஸ் என்ற பெயரில் நாணயங்கள் 19ஆம் நூற்றாண்டில் பஞ்சாப், ஆப்கானிஸ்தான் பக்கம் கிடைத்தன. முதல் நூற்றாண்டில் வடமேற்கை ஆண்டவன். ஆனால் அது வடமேற்கு. பிற்பகுதியில் தோமா மஸ்தாய் என்ற வேறொரு மன்னனின் நாட்டுக்குப் போய், நான்கு வீரர்களின் ஈட்டியால் ஒரு மலையில் கொல்லப்படுகிறார். மலையின் பெயரோ மயிலாப்பூரின் பெயரோ நூலில் இல்லை. மஸ்தாய் என்பதும் பாரசீகப் பெயர். பரங்கிமலையையும் சாந்தோமையும் தோமாவோடு இணைக்கும் மரபு பழையதுதான், ஆனால் அதற்கு இந்த நூலைச் சாட்சியாக நேரடியாக இழுக்க முடியாது. பக்தியோடு படிக்கிறவர்களும் சரி, மறுக்கவே படிக்கிறவர்களும் சரி, இந்த ஓர் எல்லையை மனதில் வைத்துக்கொண்டால் நல்லது.

திருச்சபை இதைத் தள்ளிவைத்ததற்குக் காரணம் நூலிலேயே தெரியும். கல்யாண இரவில் மணமக்களிடம் தாம்பத்தியமே வேண்டாம் என்று போதிக்கும் கதை முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. போகப் போக அது இன்னும் தீவிரமாகிறது.

ஆறாம் படி: தோமா நற்செய்தி, பக்கத்தில் மாற்குவோடு

பெயர் ஒன்றாக இருந்தாலும் இது முற்றிலும் வேறு நூல். 1945இல் மேல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே ஒரு ஜாடிக்குள் கிடைத்த பதின்மூன்று தோல் அட்டைச் சுவடிகளில் ஒன்றில், எகிப்துக் கிறிஸ்தவர்களின் காப்டிக் மொழியில் இருந்தது. இதன் கிரேக்கத் துண்டுகள் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேட்டில் கிடைத்திருந்தன, இன்ன நூல் என்றுதான் அப்போது தெரியவில்லை. கதை கிடையாது, சிலுவை கிடையாது. இயேசு சொன்னதாக 114 வாக்குகள் மட்டும்.

ஏறக்குறைய பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவையாக இருக்கும். கடுகுவிதை உவமை 20ஆம் வாக்கு. மாற்கு நான்காம் அதிகாரத்தைத் திறந்துவைத்து ஒப்பிடுங்கள். பென்சிலால் தெரிந்தவற்றுக்கு ஒரு குறி, தெரியாதவற்றுக்கு வேறு குறி போட்டால், எந்த இடத்தில் இந்த நூல் தன் வழியில் திரும்புகிறது என்று கண்ணுக்கே தெரியும். தெரியாதவற்றில் 97ஆவதைப் பாருங்கள். தந்தையின் அரசு, மாவு நிறைந்த ஜாடியைச் சுமந்துபோன ஒரு பெண்ணுக்கு ஒப்பாகும். நெடுந்தூரம் நடக்கையில் ஜாடியின் காது உடைந்து, மாவு அவளுக்குப் பின்னால் வழியெல்லாம் கொட்டிக்கொண்டே போகிறது. அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இறக்கிவைத்தால் ஜாடி காலி. அவ்வளவுதான், விளக்கம் கிடையாது. இந்த நூலின் காலம் பற்றி அறிஞர்களுக்குள் ஓயாத சண்டை, நீங்கள் அதில் இப்போதே இறங்க வேண்டாம்.

படிக்கும்போது சில சில்லறை விஷயங்கள்

மொழிபெயர்ப்புகளில் சதுர அடைப்புக்குறிக்குள் வருவது பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. புள்ளிகள் வந்தால் அந்த இடத்தில் ஏடு சிதைந்திருக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல்லை வைத்து யாராவது பெரிய வாதம் கட்டினால் உஷாராகுங்கள். மரியா நற்செய்தியில் முதல் ஆறு பக்கங்களும் நடுவில் நான்கு பக்கங்களும் இல்லை. செராப்பியோன் படித்த பேதுரு நற்செய்தியின் ஒரு பகுதி 1886-87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மீமில் ஒரு கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டது. பேதுருவும் அந்திரேயாவும் வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனோம், எங்களோடு அல்பேயுவின் மகன் லேவியும் இருந்தான், அவனை ஆண்டவர் என்று சொல்லி வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் பழையவை. எம். ஆர். ஜேம்ஸ் 1924இல் கொண்டுவந்த தொகுப்பு கதைநூல்களுக்கு இன்றும் நல்ல துணை, ஆனால் 1945 கண்டுபிடிப்புகள் அதில் இருக்க வழியில்லை. தோமா நற்செய்திக்கு மட்டுமாவது பிந்திய மொழிபெயர்ப்பைத் தேடுங்கள்.

இதுவரை வந்துவிட்டால் யூதாஸ் நற்செய்தி உட்பட மற்றவற்றை இஷ்டப்படி எடுக்கலாம். கொரிந்தியருக்கு ரோமிலிருந்து போன கிளமெந்துவின் கடிதம் கொஞ்சம் நீளம், ஆனால் உயிர்த்தெழுதலுக்குச் சாட்சியாக பீனிக்ஸ் பறவையை நிஜமாகவே நம்பிக் காட்டும் 25ஆம் அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள். விலங்குகளுக்கு இரையாக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட அந்தியோக்கியா இஞ்ஞாசியார் வழியில் எழுதிய ஏழு கடிதங்களில் ரோமையருக்கு எழுதியது ஒன்று போதும். பவுலும் அவர் சீடத்தி தெக்லாவும் வரும் கதையில் பவுலின் உருவ வர்ணனை வருகிறது: குள்ளம், வழுக்கை, வளைந்த கால்கள், கூடிய புருவம். பவுல் மேல் இருந்த அன்பினால் இதை எழுதினேன் என்று ஒப்புக்கொண்ட ஆசியா மாகாணத்துக் குரு ஒருவர் பதவியிழந்தார் என்கிறார் பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துலியன்.

கடைசிப் படி: போலிகளைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள்

இந்தத் துறைக்குள் வந்ததும் இரண்டு பெயர்கள் கட்டாயம் காதில் விழும். ஒன்று பர்னபா நற்செய்தி. சீனாய்ப் படியில் இருக்கும் பர்னபா கடிதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதன் பழைய படி வியன்னாவில் இருக்கும் இத்தாலிய மொழிக் கையெழுத்துப் பிரதி, 16ஆம் நூற்றாண்டை ஒட்டியது. இதில் யூபிலி எனப்படும் விடுதலை ஆண்டு நூறு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. மோசேயின் சட்டத்தில் அது ஐம்பது. நூறு என்று அறிவித்தவர் 1300இல் எட்டாம் போனிபாஸ் பாப்பரசர். மலைமேல் இருக்கும் நாசரேத்துக்கு இயேசு படகில் போவதாகவும் இதில் வருகிறது.

இன்னொன்று, இயேசு இளவயதில் இந்தியாவிலும் திபெத்திலும் கல்வி கற்றார் என்ற கதை. 1894இல் நிக்கோலஸ் நோட்டோவிச் என்ற ரஷ்யர், லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் அப்படியொரு ஏட்டைப் பார்த்ததாக எழுதினார். மறு ஆண்டே ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் ஆர்ச்சிபால்டு டக்ளஸ் நேரில் போய் மடத்தின் தலைமைத் துறவியிடம் கேட்டார். அப்படி ஒரு ஏடு இங்கே இல்லை என்று பதில் வந்தது. உங்கள் நோட்டில் இந்த இரண்டு நூல்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி அதே நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனா நின்றுவிடும்.